மார்பகத்தை எடுத்த பிறகு மறுஉருவாக்கம்: எந்தக் கட்டத்தில் செய்வது?

பயாப்சி முடிவு வந்து, மார்பகத்தை முழுவதுமாக எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள்தான் கிடைக்கும். ஸ்கேன், இதயப் பரிசோதனை, பணம் புரட்டுவது, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இந்த நெருக்கடியில் மறுஉருவாக்கம் பற்றிய பேச்சு பலருக்கு எழுவதே இல்லை. 'முதலில் நோய் போகட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று வீட்டில் சொல்வார்கள்; மருத்துவர்களிலும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தள்ளிப்போடுவதும் ஒரு மருத்துவ முடிவுதான். எவ்வளவு தோல் மிஞ்சும், தழும்பு எந்தப் பக்கமாகப் போகும், மார்பின் அடிமடிப்பு தப்புமா என்பதெல்லாம் முதல் அறுவையிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே மறுஉருவாக்கம் வேண்டாம் என்று நினைப்பவரும்கூட, மார்பகம் எடுப்பதற்கு முன் பிளாஸ்டிக் சர்ஜனை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பார்த்த பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம். பார்க்காமல் விட்டால், பின்னால் மனம் மாறும்போது வழிகள் குறைந்திருக்கும்.

எப்போது என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. மார்பகத்தை எடுக்கும் அதே மயக்கத்திலேயே புது மார்பகத்தையும் அமைப்பது உடனடி மறுஉருவாக்கம். கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துச் செய்வது தாமத மறுஉருவாக்கம். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் நிற்பது: முதல் அறுவையில் தோலுக்கு அடியில் விரியக்கூடிய ஒரு பையை வைத்து இடத்தைக் காத்துக்கொண்டு, இறுதி வேலையைப் பிறகு செய்வது. இவற்றில் எது பொருந்தும் என்பதைப் பெண்ணின் விருப்பம், உடல்நிலை, மருத்துவமனையின் வசதி எல்லாம் சேர்ந்துதான் முடிவுசெய்கின்றன. இருந்தாலும் இவற்றில் தலையானது ஒன்று உண்டு: அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்படுமா என்பது.

முதல் அறுவை எதை மிச்சம் வைக்கிறது

மறுஉருவாக்கம் எண்ணத்தில் இல்லாமல் மார்பகத்தை எடுக்கும்போது, மார்புச் சுவர் தட்டையாக மூடும்படி காம்பையும் சுற்றியுள்ள தோலையும் நீள்வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு நேர்க்கோடாகத் தைப்பார்கள். உபரித் தோல் தொங்கினால் மடிந்து புண்ணாகும் என்பதால் அது சரியான முறையே. உடனடி மறுஉருவாக்கத்துக்கு வேறு கணக்கு. 1991-ல் டோத், லாப்பர்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் தோல் காக்கும் மார்பக நீக்கத்தை விவரித்தார்கள். காம்பு, அதைச் சுற்றிய கருவட்டம், பயாப்சி ஊசி போன தடம் ஆகியவற்றை மட்டும் எடுத்து, மீதித் தோலை ஒரு உறைபோல விட்டுவைப்பதுதான் அதன் சாரம். உள்ளே இருக்கும் மார்பகத் திசு முழுவதும் வெளியே வந்துவிடும். மார்புக்குக் கீழே இருக்கும் மடிப்புக் கோடும் அப்படியே நிற்கும். இந்த மடிப்பைப் பிற்பாடு புதிதாக உண்டாக்குவது கடினம். உடனடியாகச் செய்தவரின் மார்பு கூடுதல் இயல்பாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த மடிப்பும் உறையும்தான்.

புற்றுக்கட்டி காம்பிலிருந்து விலகி இருந்தால், காம்பையும் காக்கலாம். காம்புக்கு நேர் பின்னால் இருக்கும் திசுவில் ஒரு துண்டைத் தனியாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதில் நோய் இருந்தால் காம்பையும் பிறகு எடுக்க வேண்டிவரும். காத்த காம்பில் தொடு உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பார்வைக்கு இருக்கும், உணர்வுக்கு இருக்காது. இதைச் சொல்லாமல் விடுவதால் ஏற்படும் ஏமாற்றம் பெரிது.

காத்த தோலுக்கு ஒரு விலையும் உண்டு. மார்பகத் திசுவைச் சுரண்டி எடுத்தபின் தோலுக்கு ரத்தம் மெல்லிய கொழுப்படுக்கின் வழியாக மட்டுமே வருகிறது. அறுவை மருத்துவர் தோலை மிக மெலிதாக்கிவிட்டால் ஓரம் கறுத்து அழுகும். தடிமனாக விட்டால் மார்பகத் திசு மிஞ்சும். தோலின் ரத்த ஓட்டத்தில் சந்தேகம் இருந்தால், அன்றைக்கு இம்ப்ளாண்ட் எனும் செயற்கை மார்பகத்தை முழு அளவில் வைத்து அழுத்தாமல், காலிப் பையை வைத்து மூடுவதே புத்திசாலித்தனம். சில மையங்களில் பச்சைச் சாயத்தை ரத்தநாளத்தில் ஏற்றி, அகச்சிவப்புக் கேமராவில் தோல் ஒளிர்கிறதா என்று ஆபரேஷன் தியேட்டரிலேயே பார்க்கிறார்கள்.

கதிர்வீச்சு: கணக்கை மாற்றும் காரணி

யாருக்குக் கதிர்வீச்சு வேண்டும் என்பதில் ஒரு பகுதி தெளிவாக இருக்கிறது. கட்டி 5 செ.மீ.-க்கு மேல் இருந்தாலோ, தோலையோ மார்புச் சுவரையோ பிடித்திருந்தாலோ, அக்குளில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்தாலோ மார்பகத்தை எடுத்த பிறகும் கதிர்வீச்சு உண்டு. 1 முதல் 3 முடிச்சுகள் என்றால் நீண்ட காலம் விவாதம் இருந்தது. 2014-ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு அவர்களுக்கும் பலன் இருப்பதைக் காட்டியபின், பல மையங்கள் அவர்களுக்கும் கொடுக்கத் தொடங்கின. இப்போது இன்னொரு திருப்பம். முதலில் கீமோ வாங்கி, அக்குள் முடிச்சுகளில் இருந்த நோய் முற்றிலும் மறைந்துவிட்டவர்களை வைத்து நடந்த பி-51 என்ற ஆய்வின் முடிவு 2023-ல் அறிவிக்கப்பட்டது. அவர்களில் முடிச்சுப் பகுதிக்கும் மார்புச் சுவருக்கும் கதிர்வீச்சு கொடுத்ததால் ஐந்தாண்டுகளில் நோய் திரும்புவது குறையவில்லை. இன்று கதிர்வீச்சு கட்டாயம் என்று எண்ணப்படும் சிலருக்கு நாளை அது தேவைப்படாமல் போகலாம்.

சிக்கல் என்னவென்றால், முடிச்சுகளின் இறுதிக் கணக்கு அறுவை முடிந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும் திசு அறிக்கையில்தான் தெரியும். மறுஉருவாக்கத்தை முடிவுசெய்ய வேண்டியதோ அறுவைக்கு முன்பு. இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு எளிய வழி உண்டு. அக்குளில் அல்ட்ராசவுண்ட் செய்து, சந்தேகமான முடிச்சில் ஊசி போட்டுப் பார்க்கலாம். அதில் தெளிவு கிடைக்காவிட்டால், மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் காவல் முடிச்சை மட்டும் ஒரு சிறிய அறுவையில் தனியாக எடுத்துப் பரிசோதித்துவிட்டு, அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மார்பக அறுவையைத் திட்டமிடலாம். கூடுதலாக ஒரு மயக்கம், ஒரு வாரம். ஆனால் இருட்டில் முடிவெடுப்பதைவிட இது மேல்.

கதிர்வீச்சு திசுவுக்கு என்ன செய்கிறது? மார்புச் சுவருக்கு வழக்கமாக 5 வாரங்களில் 25 தவணையாக 50 கிரே (கதிர் அளவின் அலகு), அல்லது 3 வாரங்களில் 15 தவணையாக 40 கிரே கொடுக்கிறார்கள். நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் தடித்து அடைபடுகிறது. தோலுக்கு அடியில் நார்த்திசு படிகிறது. தோல் சிவந்து உரிவது சில வாரங்களில் சரியாகிவிடும். நார்த்திசுவோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். இப்படிப்பட்ட தோல் இழுத்தால் விரியாது, வெட்டினால் மெதுவாகத்தான் ஆறும், கிருமி வந்தால் எதிர்க்க ரத்தம் போதாது.

இம்ப்ளாண்டைப் பொறுத்தவரை இது பெரிய இடர். உடலுக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் அதைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் உருவாகும், அது இயல்பு. கதிர்பட்ட இடத்தில் அந்தப் படலம் தடித்துச் சுருங்கி, இம்ப்ளாண்டை நெரிக்கிறது. மார்பு கல்லாக இறுகும், மேலே ஏறும், வலிக்கும். இந்த இறுக்கத்தை மருத்துவர்கள் பேக்கர் அளவுகோலில் 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 3, 4 என்றால் பெரும்பாலும் மீண்டும் அறுவைதான். 2012 முதல் 2015 வரை அமெரிக்கா, கனடாவின் 11 மையங்களில் மறுஉருவாக்கம் செய்துகொண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் இம்ப்ளாண்ட் வைத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 100-க்கு சுமார் 39 பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் ஏதாவதொரு சிக்கல் வந்தது. சுமார் 19 பேருக்கு மறுஉருவாக்கமே கைநழுவிப் போனது. வயிறு, முதுகு போன்ற இடங்களிலிருந்து எடுத்த சொந்தத் திசுவில் செய்துகொண்டு கதிர்வீச்சும் பெற்றவர்களில் சிக்கல் சுமார் 26 பேருக்கு, கைநழுவியது ஒருவருக்கு. கதிர்வீச்சே இல்லாதவர்களில் இம்ப்ளாண்ட் தோற்றது 100-க்கு 4 பேர் அளவில்தான். கதிர்வீச்சு வரும் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவருக்கு இந்த எண்களைச் சொல்லாமல் இம்ப்ளாண்டை ஒரே நாளில் வைத்து அனுப்புவது சரியல்ல. அதே சமயம் 100-ல் 80 பேருக்கு இம்ப்ளாண்ட் நின்றிருக்கிறது என்பதும் அதே எண்களில் இருக்கிறது. வயிற்றில் போதிய சதை இல்லாதவர், பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர் இதை ஏற்றுக்கொண்டு போகலாம். தெரிந்து ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.

சொந்தத் திசுவும் கதிரிலிருந்து முழுமையாகத் தப்பாது. உடனடியாக வைத்த வயிற்றுச் சதையின்மேல் கதிர் பாயும்போது, கொழுப்பின் சில பகுதிகள் செத்துக் கட்டிபோல் கெட்டியாகலாம். மொத்த அளவும் சற்றுச் சுருங்கும். இதனால் பல பிளாஸ்டிக் சர்ஜன்கள் கதிர்வீச்சை முதலில் முடித்துவிட்டு, அது பட்ட தோலை அகற்றி, படாத வயிற்றுத் தோலைக் கொண்டுவந்து வைப்பதையே விரும்புகிறார்கள். முறையைத் தலைகீழாக்கிப் பார்த்த முயற்சியும் உண்டு. பிரிட்டனில் நடந்து 2022-ல் வெளியான பிராடா ஆய்வில் 33 பெண்களுக்கு முதலில் கதிர்வீச்சு கொடுத்து, 2 முதல் 6 வாரங்களில் மார்பகத்தை எடுத்து, அதே மயக்கத்தில் வயிற்றுத் திசுவால் மறுஉருவாக்கம் செய்தார்கள். நான்கு வாரத்தில் 1 செ.மீ.-க்கு மேல் ஆறாத புண் இருந்தது 4 பேருக்கு மட்டுமே. புது மார்பகத்தின்மேல் கதிர் படவே இல்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. சிறிய ஆய்வு என்பதால் இன்னும் வழக்கமாகவில்லை.

நடுவழி: விரியும் பை

2004-ல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ஸ்டீவன் குரோனோவிட்ஸ் குழுவினர் முன்வைத்த முறை இது. தோல் காத்து மார்பகத்தை எடுத்துவிட்டு, எக்ஸ்பாண்டர் என்ற விரியும் பையை வைத்து உறையின் வடிவத்தைக் காப்பாற்றுகிறார்கள். திசு அறிக்கை வருகிறது. கதிர்வீச்சு வேண்டாம் என்றால், சில வாரங்களில் இறுதி மறுஉருவாக்கம்; உடனடியாகச் செய்ததன் அழகு கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைக்கும். வேண்டும் என்றால் பையிலிருந்து உப்புநீரை எடுத்து மார்பைத் தட்டையாக்கிக் கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டு, தோல் ஆறியதும் மறுபடி நிரப்பி, மாதங்கள் கழித்து வயிற்றுத் திசுவைக் கொண்டு முடிப்பார்கள்.

எக்ஸ்பாண்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காலக்கணக்கு புரியும். அது சிலிக்கான் உறை. உள்ளே ஊசி குத்துவதற்கான ஒரு வாசல். பல வகைகளில் அந்த வாசலைத் தோலின் மேலிருந்து கண்டுபிடிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். அதனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பொதுவாகக் கூடாது. பை உள்ளே இருக்கும் காலம் முழுக்க அதற்கான அட்டையைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். அறுவையின்போதே ஓரளவு நிரப்பி, தையல் ஆறியபின், ஏறக்குறைய இரண்டாவது மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு வருகைக்கும் 50 முதல் 100 மி.லி. வரை உப்புநீர் ஏற்றுவார்கள். அன்றும் மறுநாளும் இறுக்கம் இருக்கும். சாதாரண வலி மாத்திரை போதும். தோல் வெளுத்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ நிறுத்திக் கொஞ்சம் திரும்ப உறிஞ்ச வேண்டும்.

கீமோ அறுவைக்குப் பிறகு என்றால், பையை நிரப்புவதைச் சுற்றுகளுக்கு நடுவே, வெள்ளணுக்கள் மீண்ட பிறகு, அடுத்த சுற்றுக்குச் சில நாட்கள் முன்னால் வைத்துக்கொள்வார்கள். கீமோ ஐந்தாறு மாதத்தில் முடியும். மூன்று முதல் ஆறு வாரம் கழித்துக் கதிர்வீச்சு. இங்கே ஒரு கிளைப்பாதை இருக்கிறது. பையோடேயே கதிர் வாங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து நிரந்தர இம்ப்ளாண்டாக மாற்றலாம். அல்லது கீமோ முடிந்து சுமார் நான்கு வாரத்தில் மாற்றிவிட்டு, இன்னும் நான்கு வாரத்தில் கதிர்வீச்சைத் தொடங்கலாம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தின் அனுபவத்தில், பையில் கதிர் பட்டவர்களிடம் இம்ப்ளாண்டை இழப்பது அதிகம். நிரந்தர இம்ப்ளாண்டில் பட்டவர்களிடம் இழப்பு குறைவு, இறுக்கம் கூடுதல், தோற்றம் சற்றுக் குறைவு. ஒன்றை வாங்க ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. கதிர்வீச்சுத் திட்டத்துக்காக சி.டி. எடுத்த நாளிலிருந்து கடைசித் தவணை வரை பையின் அளவு மாறக் கூடாது. நடுவில் 60 மி.லி. ஏற்றினாலும் இறக்கினாலும் மார்பின் வளைவு மாறி, கணக்கிட்ட கதிர் வேறு இடத்தில் விழும். நிரப்புபவர் ஒரு மருத்துவமனை, கதிர் கொடுப்பவர் வேறு மருத்துவமனை என்று இருக்கும் ஊர்களில் இது தவறிப்போக வாய்ப்பு அதிகம். சி.டி. எடுக்கும் தேதியைப் பிளாஸ்டிக் சர்ஜனுக்கு நோயாளியே நேரில் தெரிவித்துவிடுவது பாதுகாப்பு.

தாமதமாகச் செய்வது

தாமதம் என்றால் குறை என்ற எண்ணம் வேண்டாம். அழற்சி வகை மார்பகப் புற்றுக்கும், தோலைப் பிடித்த முற்றிய கட்டிகளுக்கும் அதுவே சரியான வழி. முதலில் கீமோ, பிறகு மார்பக நீக்கம், பிறகு கதிர்வீச்சு, அதற்கும் பிறகே மறுஉருவாக்கம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், புகைப்பவர், உடல் எடை மிக அதிகம் உள்ளவர் ஆகியோருக்கும் தள்ளிப்போடுவதால் உடம்பைத் தயார்செய்ய நேரம் கிடைக்கும். நோயின் பெயரைக் கேட்ட அதிர்ச்சியில் இன்னொரு முடிவைச் சுமக்க முடியாதவருக்கும் அப்படியே.

இந்தியப் பெண்களுக்கு மேலைநாட்டாரைவிடச் சுமார் பத்தாண்டு இளமையிலேயே இந்நோய் வருகிறது. மருத்துவமனைக்கு வரும்போது முற்றிய கட்டத்தில் இருப்பவர்களும் இங்கே அதிகம். இளம் வயது என்பதால் மறுஉருவாக்கத்தின் தேவை கூடுகிறது. முற்றிய கட்டம் என்பதால் கதிர்வீச்சின் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே நம் ஊர்களில் தாமத வழியை நன்றாகச் செய்யத் தெரிந்திருப்பது மிக அவசியம்.

எவ்வளவு தாமதம்? கதிர்வீச்சு முடிந்து குறைந்தது ஆறு மாதம், பல மையங்களில் ஒரு வருடம். காரணம் தெளிவானது. தோலின் வீக்கமும் சிவப்பும் அடங்கி, விரலால் கிள்ளினால் அடித்தசையிலிருந்து கொஞ்சமாவது நகர வேண்டும். அதற்கு முன் கைவைத்தால் எது பிழைக்கும் எது சாகும் என்று சர்ஜனுக்கே தெரியாது. கீமோ மட்டும் என்றால், ரத்த அணுக்கள் மீண்டு நான்கு முதல் ஆறு வாரங்கள் போதும். வெளி வரம்பு எதுவும் கிடையாது. பத்து ஆண்டு கழித்து வருபவருக்கும் செய்யலாம். மார்புச் சுவரில் நோய் திரும்பவில்லை என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

கதிர்பட்ட மார்பில் இம்ப்ளாண்டை மட்டும் புதிதாக வைப்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும், தோல் விரியாது. அதனால் புதுத் தோலும் சதையும் வெளியிலிருந்து வர வேண்டும். முதுகிலிருந்து ஒரு தசையைத் தோலோடு, அதன் ரத்தக்குழாயை அறுக்காமல் அக்குள் வழியாகத் திருப்பி முன்னால் கொண்டுவருவது ஒரு முறை. 1906-ல் இத்தாலியின் தான்சினி விவரித்தது. அளவு போதாவிட்டால் அதனடியில் இம்ப்ளாண்ட். முதுகில் வரும் தழும்பை ரவிக்கையின் பின்பட்டைக்குள் மறையும்படி கோடு போடச் சொல்லிக் கேட்கலாம். அறுவைக்கு முந்தைய நாள் தான் வழக்கமாகப் போடும் ரவிக்கையை எடுத்துப்போய்க் காட்டினால் சர்ஜன் அதற்கேற்பக் குறித்துக்கொள்வார்.

இன்னொன்று அடிவயிறு. 1982-ல் ஹார்ட்ராம்ப் வயிற்றுத் தசையோடு சேர்த்து எடுத்தார். 1989-ல் ஜப்பானின் கோஷிமா தசையை விட்டுவிட்டுத் தோலும் கொழுப்பும் ரத்தக்குழாயும் மட்டும் எடுக்கும் வழியைக் காட்டினார். 1994-ல் அமெரிக்காவின் ராபர்ட் ஆலன் அதை மார்பகத்துக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார். டீப் ஃபிளாப் என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். இரண்டு மூன்று மி.மீ. அகலமுள்ள குழாய்களை மார்பெலும்பின் ஓரத்துக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். ஐந்தாறு நாள் மருத்துவமனை. ஆறு வாரம் தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. கதிர்பட்ட பக்கத்தில் அந்த மார்புக் குழாய்களைச் சுற்றி நார்த்திசு ஒட்டியிருப்பதால் பிரிப்பது சிரமம், நேரமும் கூடும்.

இங்கே பலர் கேட்பது: சிசேரியன் ஆகியிருக்கிறது, குடும்பக்கட்டுப்பாடு செய்திருக்கிறது, வயிற்றுத் திசு எடுக்கலாமா? அடிவயிற்றில் குறுக்காகப் போட்ட சிசேரியன் தழும்பு பொதுவாகத் தடையில்லை. தொப்புளுக்குக் கீழே நெடுக்காகப் போட்ட வெட்டு இருந்தால் ஒரு பக்கத்து ரத்தம் மறுபக்கத்துக்குப் போகாது. பாதி வயிற்றை மட்டுமே நம்ப முடியும். முன்னதாக சி.டி. ஆஞ்சியோ எடுத்தால் எந்தக் குழாய் எங்கே தசையைத் துளைத்து வருகிறது என்று தெரிந்துவிடும். வயிற்றுச் சதையை ஒருமுறைதான் எடுக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். மறுபக்கத்து மார்பிலும் பின்னால் நோய் வரும் வாய்ப்பு அதிகம் உள்ள, பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர், அந்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வயிற்றைச் செலவழிக்காமல் இருப்பது நல்லது.

கெடுவது எங்கே

உடனடி மறுஉருவாக்கத்தைப் பற்றிய நியாயமான அச்சம் ஒன்று: சிக்கல் வந்தால் கீமோ தள்ளிப்போகும். கலிபோர்னியாவின் பதிவேட்டை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பிறகு 91 நாட்களும் அதற்கு மேலும் கழித்துக் கீமோ தொடங்கியவர்கள் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் கட்டியில் இல்லாத மும்மறை வகையினருக்குப் பாதிப்பு அதிகம். சிக்கல் இல்லாத மறுஉருவாக்கம் கீமோவை இவ்வளவு தள்ளாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் தொடங்கிவிடலாம். ஆறாத புண்தான் தள்ளும். ஆகவே புண் ஆறாத ஆபத்து யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் உடனடி வழி பொருந்தாது. கீமோவை முதலிலேயே முடித்துக்கொண்டு வருபவருக்கு இந்தக் கவலை குறைவு. கடைசிச் சுற்றிலிருந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் அறுவை என்பதே வழக்கம்.

புகைப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிக்கோடின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும். மெல்லிய தோலுறைக்கு அதுவே எமன். புகையிலை மெல்லுவதிலும் நிக்கோடின் உண்டு என்பதால் அதையும் நிறுத்த வேண்டும். மார்பகப் புற்றுக்கான ஹார்மோன் சிகிச்சை மருந்தான டமாக்ஸிஃபென் மாத்திரை ரத்தக் கட்டியைத் தூண்டும் என்பதால், நுண்ணோக்கி அறுவைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பு பல மையங்களில் நிறுத்தச் சொல்வார்கள். புற்றுநோய் மருத்துவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும், தானாக அல்ல.

இம்ப்ளாண்ட், எக்ஸ்பாண்டர் பக்கத்தில் முதல் எதிரி கிருமி. அறுவை இடத்தில் ஊறும் நீரை வடிக்க வைத்த டிரெயின் குழாயை எப்போது எடுப்பது என்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் அற்பமல்ல. தொடர்ந்து இரண்டு நாள் 24 மணி நேரத்துக்கு 30 மி.லி.-க்குக் கீழ் வந்த பிறகு எடுப்பது வழக்கம். அவசரப்பட்டு எடுத்தால் நீர் கோக்கும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அதன் வழியே கிருமி ஏறும். தினமும் வடிந்த அளவை வீட்டில் ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். மார்பு சிவந்து சூடானால், காய்ச்சல் வந்தால், அடுத்த வருகைவரை காத்திருக்கக் கூடாது. முதல் ஓரிரு நாளில் ரத்தநாளம் வழியாக மருந்து கொடுத்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பொருள் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் எடுத்தே ஆக வேண்டும். மறுபடி முயல மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

வயிற்றுத் திசுவில் ஆபத்தான நேரம் முதல் 48 மணி. இணைத்த குழாயில் ரத்தம் உறைந்தால் திசு நீலம் பாரிக்கும், அல்லது வெளுத்துக் குளிரும். அதனால்தான் முதல் இரவில் செவிலியர் மணிக்கொரு முறை நிறமும் சூடும் பார்த்து, டாப்ளர் கருவியால் நாடியும் கேட்கிறார். உடனே தியேட்டருக்குத் திருப்பினால் பல சமயம் பிழைக்கும். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் பிழைக்காது. ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது, இரவு இரண்டு மணிக்கு மறுபடி தியேட்டர் கிடைக்குமா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம்.

நோய் மறைந்துகொள்ளுமா

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்பக அறுவையை வகுத்த ஹால்ஸ்டெட்டின் காலத்திலிருந்தே, மூடிவைத்தால் திரும்பி வரும் நோய் தெரியாது என்ற பயம் உண்டு. இரண்டு ஆண்டு காத்திருந்துவிட்டுத்தான் மறுஉருவாக்கம் என்ற பழைய விதி அதிலிருந்து வந்தது. மார்புச் சுவரில் நோய் திரும்பும்போது பெரும்பாலும் தோலிலோ தோலின் அடியிலோதான் வருகிறது. புது மார்பகம் அதற்குப் பின்னால் இருப்பதால் கட்டி கைக்குத் தட்டுப்படும். உடனடியாகச் செய்தவர்களிடம் நோய் திரும்புவதோ மரணமோ கூடவில்லை என்பதைப் பல பத்தாண்டு அனுபவம் காட்டியிருக்கிறது. இரண்டு ஆண்டு விதிக்கு இன்று ஆதாரம் இல்லை. சொந்தத் திசுவில் கொழுப்பு கெட்டியாகி உருளும் முடிச்சு நோயோ என்று பயமுறுத்தலாம். அல்ட்ராசவுண்டும், தேவையானால் ஊசிப் பரிசோதனையும் செய்து அந்தக் கவலையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இம்ப்ளாண்டில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சொரசொரப்பான மேல்தோல் கொண்ட இம்ப்ளாண்டுகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்று வருவது தெரிந்தபின், 2019 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டுக்கொண்டதன்பேரில் அலர்கன் நிறுவனம் அவ்வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. பல ஆண்டு கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால் அந்த நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இம்ப்ளாண்டின் வகை, அளவு, வரிசை எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை டிஸ்சார்ஜ் தாளோடு கேட்டு வாங்கிக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

பணமும் படிகளும்

மறுஉருவாக்கம் எந்தக் கட்டத்தில் தொடங்கினாலும் ஒரே அறுவையில் முடிவது அரிது. எக்ஸ்பாண்டரை இம்ப்ளாண்டாக மாற்றுவது, மறுபக்கத்தைச் சமன்செய்வது, வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ உறிஞ்சிய கொழுப்பால் குழிகளை நிரப்புவது என்று தொடரும். நிரப்பிய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துபோகும் என்பதால் மூன்று மாத இடைவெளியில் மறுபடி செய்ய நேரலாம். அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டப்படி, மார்பக நீக்கத்துக்குக் காப்பீடு தருவோர் மறுஉருவாக்கத்தின் எல்லாக் கட்டங்களுக்கும், மறுபக்கச் சமனுக்கும் தர வேண்டும். நம்மிடம் அப்படி ஒரே சீராக இல்லை. முதல் அறுவைக்கு அனுமதி தரும் திட்டம் இரண்டாம் கட்டத்தை ஒப்பனை அறுவை என்று தள்ளிவிடக்கூடும். எக்ஸ்பாண்டரை வைப்பதற்கு முன்பே, அதை மாற்றும் அறுவைக்கும் அனுமதி உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பணமில்லாமல் எக்ஸ்பாண்டரோடு ஆண்டுக்கணக்கில் இருப்பது நல்லதல்ல. அது தற்காலிகப் பொருள். கசியும், இடம் நகரும்.

காத்திருக்கும் காலத்துக்கும், மறுஉருவாக்கமே வேண்டாம் என்பவருக்கும் வெளியே வைக்கும் மார்பகம் இருக்கிறது. தையல் ஆறும்வரை பஞ்சு அடைத்த மென்மையானது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு எடையுள்ள சிலிக்கான். மறுபக்கம் பெரிதாக இருந்தால் எடை சமமில்லாமல் தோளும் கழுத்தும் வலிக்கும் என்பதால், அளவெடுத்து வாங்குவது முக்கியம். தட்டையாகவே இருக்க விரும்புபவர் அதையும் அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். 'பின்னால் மனம் மாறினால் உதவும்' என்று தோலை விட்டுவைத்தால் அக்குள் பக்கம் மடிப்பு தொங்கி உள்ளாடை உரசும்.

காம்பு கடைசி. புது மார்பகம் இறங்கித் தன் இடத்தில் நிலைக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்கு முன் காம்பை வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்காது. அங்கேயே இருக்கும் தோலைச் சின்னதாக மடித்து எழுப்புவது, அந்த இடம் மட்டும் மரத்துப்போக மருந்து போட்டு அரைமணி நேர வேலை. எழுப்பிய காம்பு முதல் சில மாதங்களில் பாதி உயரம் வரை சுருங்கும் என்பதால் பெரிதாகவே வைப்பார்கள். மேலும் சில வாரம் கழித்துப் பச்சை குத்தும் ஊசியால் கருவட்டம். மறுபக்கத்தின் நிறத்தோடு பொருத்திப் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும். நிறம் மங்கும் என்பதால் முதலில் ஒரு சாயல் கூடுதலாகவே குத்துகிறார்கள்.